‘இதரச் செலவு’ எழுதும் மடல்

பத்துப் பேருக்குள் ஆள் வைத்துக்கொண்டு, வாடகைக் கட்டடத்தில், அறக்கட்டளையோ சங்கமோ நடத்திவரும் தோழர்களுக்கு,

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. ஆடிட்டர் வரும் நாளில் ரசீதுக் கட்டுகளோடு மூலையில் உட்கார்ந்திருப்பவள் நான். 1999இல் பி.காம். முடித்த கையோடு திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்கெழுதச் சேர்ந்தேன். மாதம் 1,200 ரூபாய். நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பும் செலவு அறிக்கையை மூன்றாவது மாதம் தட்டச்சு செய்தபோதுதான் கவனித்தேன், அதில் என் சம்பளமே இல்லை. பயந்துபோய் இயக்குநரிடம் கேட்டேன். “இருக்கும்மா, நல்லாப் பாரு” என்று ஒரு வரியில் விரல் வைத்தார். ‘மகளிர் பயிற்சி முகாம்: மதிய உணவு மற்றும் இதரச் செலவு’. அந்த ‘இதர’தான் நான். சாம்பார் சாதத்துக்குப் பக்கத்தில் பல வருடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு ரூபாய் கூடத் தன் பைக்குள் போட்டதில்லை. கணக்காளருக்குச் சம்பளம் என்று எழுதினால் ‘நிர்வாகச் செலவு அதிகம்’ என்று கையை விரித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் இன்றும் நிதி கேட்டு நீங்கள் எழுதும் கருத்துருக்களில் இருக்கிறது. இப்போது தனியாளாகப் பல சிறு அமைப்புகளுக்குக் கணக்கும் பட்ஜெட்டும் எழுதிக் கொடுக்கிறேன். எந்த பட்ஜெட்டைத் திறந்தாலும் அதே ‘இதர’ வந்து நிற்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு குடியிருப்புகளில் மாலைநேரப் படிப்பகம் நடத்தப் போகிறீர்கள். ஓரிடத்துக்கு 20 பேர் வீதம் 40 பிள்ளைகள். ஆசிரியர் இருவருக்கு மாதம் 8,000 வீதம் ஆண்டுக்கு 1,92,000. சுண்டலோ வாழைப்பழமோ பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய், 220 நாளுக்கு 88,000. நோட்டுப் புத்தகம் தலைக்கு 600 என்று 24,000. இரண்டு அறைக்கு வாடகை 36,000. ஆக 3,40,000, ஒரு பிள்ளைக்கு 8,500 ரூபாய். இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது. கேட்பவர்களும் ‘பரவாயில்லையே, குறைவாகத்தான் ஆகிறது’ என்பார்கள்.

ஆனால் ஆசிரியர் வராத நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஒருங்கிணைப்பாளர் யார்? அவர் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. 18,000 சம்பளத்தில் அது மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. பெட்ரோல், பஸ் காசு 30,000. கணக்காளரின் 16,000 சம்பளத்தில் கால் பங்கு 48,000. ஆடிட்டர் கட்டணத்தில் பங்கு 8,000. அலுவலக வாடகை, மின்சாரம், இணையம் இவற்றில் பங்கு 24,000. கூட்டினால் இன்னொரு 1,82,000. உண்மையான செலவு 5,22,000, ஒரு பிள்ளைக்கு 13,050. நீங்கள் கேட்காமல் விட்ட அந்த 4,550 ரூபாய் வானத்திலிருந்து விழாது. ஒருங்கிணைப்பாளருக்கு மூன்று மாதச் சம்பளப் பாக்கியாக விழும், இல்லையென்றால் நிறுவனரின் வீட்டு நகை வங்கியில் போய் உட்காரும். அதுவும் இல்லையென்றால் 15 பேர் வந்த முகாமுக்கு 40 பேர் சாப்பிட்டதாக ஒரு வவுச்சர் பிறக்கும். அந்த வவுச்சரை எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், முதல் தடவைதான் கை நடுங்கும்.

1,82,000 என்பது மொத்தத்தில் 35 விழுக்காடு ஆயிற்றே, எந்த நிறுவனம் ஒத்துக்கொள்ளும் என்று கேட்பீர்கள். அதில் பெரும்பகுதி நிர்வாகச் செலவே இல்லை. ஒருங்கிணைப்பாளர் நாள்தோறும் படிப்பகத்துக்குத்தான் போகிறார். அவர் சம்பளமும் பயணமும் திட்டச் செலவு, அதைத் திட்டத் தலைப்பிலேயே தைரியமாகப் போடுங்கள். கணக்கு, தணிக்கை, அலுவலகம் மூன்றும்தான் நிர்வாகம். அது 80,000, அதாவது சுமார் 15 விழுக்காடு. இதைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை.

அடுத்து, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகத் தரும் நிதியைப் பற்றி, ‘சி.எஸ்.ஆர். நிதியில் நிர்வாகத்துக்கு ஐந்து விழுக்காடுதான், சட்டம் அப்படி’ என்பார்கள். இதைக் கம்பெனி அதிகாரிகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விதி சொல்வது வேறு. கம்பெனி தன் சொந்த அலுவலகத்தில் சி.எஸ்.ஆர். வேலையைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்குத்தான் அந்த ஐந்து விழுக்காட்டு வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வராது என்று விதியின் வரையறையே சொல்கிறது. ஒரு கம்பெனி தன் கொள்கையாகவே உங்களுக்கும் ஐந்துதான் என்று வைத்திருந்தால் அது அவர்கள் விருப்பம். ஆனால் சட்டம் என்று சொல்லும்போது, “சார், விதியில் அது உங்கள் அலுவலகச் செலவுக்கு இல்லையா?” என்று பணிவாகக் கேளுங்கள். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. கேட்டதற்காக யாரும் வெளியே அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

சரி, கேட்பது யாரிடம்? நம்மில் பெரும்பாலோர் பார்வை சென்னைக்கும் மும்பைக்கும் போகிறது. டாட்டா டிரஸ்ட், அசிம் பிரேம்ஜி என்று பெரிய பெயர்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறோம். போடக்கூடாது என்று சொல்லவில்லை. அதற்கு முன் பக்கத்து வாசலைப் பாருங்கள். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காடு சமூகப் பணிக்குப் போக வேண்டும். இதில் நம் கவனத்துக்கு உரியது அந்த 5 கோடி. அவ்வளவு லாபம் பார்க்கிற நூற்பாலை, மசாலா கம்பெனி, ஆட்டோ உதிரிபாக ஆலை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும். ஐந்து கோடிக்கு இரண்டு விழுக்காடு பத்து லட்சம். மும்பைக்காரர்களுக்கு அது டீச் செலவு, நமக்குக் கிட்டத்தட்ட நான்கு படிப்பகம்.

இன்னொரு விஷயம். ஆண்டுக்குச் செலவழிக்க வேண்டிய தொகை 50 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் அந்தக் கம்பெனி தனியாக சி.எஸ்.ஆர். குழு அமைக்க வேண்டியதில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். நடைமுறையில் முதலாளியும் அவர் தம்பியும் முடிவெடுக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களுக்கு நாற்பது பக்க ஆங்கில அறிக்கை வேண்டாம். ஒரு மாலை கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பகத்தைக் காட்டுங்கள்.

தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நெய்வேலியைச் சுற்றி இருப்பவர்களுக்கு என்.எல்.சி., திருவெறும்பூரில் பி.எச்.இ.எல்., மணலியில் சி.பி.சி.எல்., கூடங்குளத்தில் அணுமின் நிலையம் எனப் பொதுத்துறை நிறுவனங்கள் இருக்கின்றன. தன் சி.எஸ்.ஆர். கொள்கையையும், இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்களையும் கம்பெனி தன் இணையதளத்தில் போட வேண்டும். ஒன்றிய அரசின் சி.எஸ்.ஆர். தளத்தில் கம்பெனி வாரியாக, மாநில வாரியாகத் தேடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் உங்கள் ஊரில் யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று புரிந்துவிடும். மூன்று ஆண்டாகக் கண் சிகிச்சைக்கு மட்டும் கொடுத்துவரும் கம்பெனியிடம் போய் நாட்டு மாடு வளர்ப்புக்குக் கேட்டு அலைய வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும். வருமான வரியில் 12ஏ, 80ஜி பதிவு, நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண், 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, அதே மாதிரியான வேலையில் மூன்றாண்டு அனுபவம். வரிப் பதிவுகளுக்கு ஆயுள் உண்டு, புதுப்பிக்க மறந்து மாட்டிக்கொண்டவர்கள் அநேகம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், பழைய சட்டத்தின் இந்தப் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன, ஆடிட்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மார்ச் மாதத் தொலைபேசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருபதாம் தேதி வாக்கில் ஓர் அழைப்பு வரும். “பத்து லட்சம் இருக்கிறது, முப்பத்தொன்றுக்குள் செலவு காட்ட முடியுமா?” கேட்டவுடன் தலை சுற்றும். சந்தோஷத்திலா பயத்திலா என்று தெரியாது. ஒருமுறை நாங்கள் சரி சொல்லி, பதினொரு நாளில் தையல் இயந்திரங்களை வாங்கி இறக்கினோம். அதில் பாதி அடுத்த பொங்கலுக்குள் பழைய விலைக்குப் போய்விட்டது. அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். 2021 ஜனவரிக்குப் பிறகு செலவாகாத பணத்துக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. திட்டத்தைத் ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, தொடங்கிய ஆண்டு போக அடுத்த மூன்று ஆண்டுகள் வரை செலவழிக்கலாம். எனவே அந்த அழைப்பு வந்தால் முடியாது என்றும் சொல்ல வேண்டாம், தையல் இயந்திரமும் வாங்க வேண்டாம். “தொடர் திட்டமாக எடுத்துக்கொள்ள முடியுமா சார்?” என்று கேளுங்கள். எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் என்றாவது அவர் நினைவில் நிற்பீர்கள்.

பணம் வருகிற திசையில் ஓடுவது நமக்குப் புதிதல்ல. 1989இல் தருமபுரியில் ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழு வேலை மாநிலம் முழுக்கப் பரவியபோது எல்லோரும் குழு அமைத்தோம். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்து, அடுத்த ஆண்டே அமெரிக்க உதவியில் அபாக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டமும் வந்தபோது, ஆணுறை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூசியவர்கள்கூட எய்ட்ஸ் விழிப்புணர்வில் இறங்கினார்கள். இரண்டாலும் நிறைய நல்லது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. கடலையே சரியாகப் பார்த்திராத உள்மாவட்ட அமைப்பு ஒன்று படகு கொடுக்கப் போனது. கணக்கெழுத என்னையும் கூட்டிப்போனார்கள். எந்த மரத்தில், எந்த அளவில், எத்தனை பேருக்கு ஒரு படகு என்று கேட்பதற்குள் ஆர்டர் போய்விட்டது. ஒரே குப்பத்தில் இரண்டு அமைப்புகளின் பெயர்ப் பலகையோடு படகுகள் அடுக்கி நின்றன. இறால் குட்டையிலும் உப்பளத்திலும் கூலி வேலை பார்த்தவர்களுக்குக் கொடுக்கத்தான் தலைப்பு இல்லை. நிதி தீர்ந்து ஊருக்குத் திரும்பியபோது, நாங்கள் முன்பு நடத்திய நெசவாளர் பிள்ளைகளின் இரவுப் பள்ளி மூடிக் கிடந்தது. ஆசிரியர் திருப்பூருக்குப் போய்விட்டார்.

வெளிநாட்டு நிதியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஏனென்றால் உங்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவு சாத்தியாயிற்று. அந்த நிதியை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவுக்கு மூன்றாண்டு வயதும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வரும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம், நிர்வாகச் செலவு வரம்பை 50லிருந்து 20 விழுக்காடாக்கியது. கணக்கெழுதுவதும் அறிக்கை எழுதுவதும்கூட அந்த 20க்குள்தான். பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர் போன்றோரின் சம்பளம் அதில் சேராது. நம்மை நேரடியாக அடித்தது வேறொன்று. வாங்கிய நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை அந்தத் திருத்தம் தடைசெய்தது. பெரிய அமைப்பு வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுத்த வாய்க்கால் அதோடு வறண்டது. அதன்பின் மூடப்பட்ட சிறு அமைப்புகளின் கடைசிக் கணக்குகளில் சிலவற்றை நானே முடித்துக் கொடுத்தேன்.

அரசு மானியம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். பணம் தவணையில் வரும், தாமதமாக வரும், சில சமயம் ஆண்டு முடிந்தபின் வரும். பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்காமல் அடுத்த தவணை நகராது. அதற்கு ஒன்றிய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 12-ஏ என்று தனிப் படிவமே உண்டு. வந்த நாளிலிருந்தே அந்தப் படிவத்தின் வரிகளுக்கு ஏற்றபடி கணக்கெழுதினால் கடைசியில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். இடைப்பட்ட மாதங்களுக்குக் கையிருப்பு இல்லாமல் அரசு மானியத்தை மட்டும் நம்பி ஆள் சேர்க்காதீர்கள்.

நிதி வாங்கித் தருகிறேன் என்று ஓட்டல் அரங்கில் கூட்டம் போட்டு, பதிவுக் கட்டணம் பத்தாயிரம் வாங்குகிறவர்களை நம்பாதீர்கள். வந்த தொகையில் விழுக்காடு கேட்பவர்களும் அதே இனம்தான். எழுதிக் கொடுக்கும் வேலைக்குக் கூலி உண்டு, நானே வாங்குகிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே கூலி.

எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம். கருத்துருவை ‘சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகள் ஆகியும்’ என்று தொடங்காதீர்கள். படிப்பவர் அன்று காலையில் அப்படி ஏழெட்டுப் படித்திருப்பார். முதலில் தமிழில் எழுதுங்கள். உங்கள் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் எந்த மாதம் சூளைக்கு வருகிறார்கள், எந்த மாதம் திரும்பிப் போகிறார்கள், அதனால் எந்த வகுப்பில் பள்ளியிலிருந்து பெயர் விடுபடுகிறது என்று எழுதுங்கள். அது உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ஆங்கிலத்துக்கு மாற்ற ஆள் கிடைக்கும், இப்போது செல்போனே மாற்றித் தருகிறது. ஆனால் முழுவதையும் அதனிடமே எழுதச் சொன்னால் சூளை காணாமல் போய் ‘விளிம்புநிலைச் சமூகங்களின் முழுமையான மேம்பாடு’ வந்து உட்கார்ந்துவிடும். பட்ஜெட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை நாள், என்ன விலை என்று விரித்து எழுதுங்கள். ‘இதர’ என்று ஒரு வரி வந்தால் நின்று, அதற்குள் யார் இருக்கிறார் என்று பாருங்கள்.

பத்து விண்ணப்பத்துக்கு ஒன்றோ இரண்டோ பலிக்கும். மறுத்தவர்களிடம் காரணம் கேட்டு ஒரு மெயில் போடுங்கள், சிலர் நேர்மையாகப் பதில் தருவார்கள்.

உள்ளூர்ப் பணத்தையும் விட்டுவிடாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடும் கடைக்காரர், ஊரிலிருந்து போய் வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் இவர்கள் கொடுக்கும் ஐந்நூறு, ஆயிரத்துக்கு எந்தத் தலைப்பும் கிடையாது. மின்கட்டணத்துக்கும் போடலாம், கணக்காளர் சம்பளத்துக்கும் போடலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அவர்களுக்கு 80ஜி சலுகை கிடைக்காது என்பதைச் சொல்லி, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் மே 31க்குள் நன்கொடை விவரப் படிவத்தில் (பழைய எண் 10பிடி) அவர்கள் விவரத்தை ஏற்றி, சான்றிதழை எடுத்துக் கையில் கொடுங்கள். சான்றிதழ் தரத் தவறினால் அடுத்த ஆண்டு அவர் போனை எடுக்கமாட்டார்.

மேலே சொன்ன படிப்பகக் கணக்கு கற்பனை இல்லை. போன ஆண்டு ஓர் அமைப்புக்காக எழுதியது. பக்கத்து ஊர் நூற்பாலைக்கு அனுப்பினோம். ‘கணக்காளர் சம்பளம், கால் பங்கு, 48,000’ என்று தனி வரியாகவே போட்டேன். இருபத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு வரியை நானாகவே தட்டச்சு செய்தது அதுதான் முதல் தடவை. ஆலையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார்.

“கணக்கெழுத இவ்வளவாம்மா?”

“உங்க ஆலையில கணக்கு எழுத எத்தனை பேர் சார்?”

சிரித்தார். முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் கழித்து ஒப்புதல் வந்தது. மற்ற வரிகளை அப்படியே விட்டுவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் 36,000 ஆகக் குறைத்திருந்தார்கள். மீதி 12,000க்கு ஊரில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். ரைஸ்மில் அண்ணாச்சி மாதம் ஐந்நூறு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் கணக்குப்பிள்ளை